கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேச வருகிறவர்கள் முதலில் தங்களை அறிமுகப்படுத்திக் கொள்வது வழக்கம். பெயர், ஊர், தொழில், பிள்ளைகள் என்று சொல்லி முடித்து, தமக்குப் பிடித்தது என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்வார்கள். முன்பெல்லாம் அந்த வரியில் புத்தகம், பாட்டு, பந்து விளையாட்டு என்று வரும். இப்போது "எனக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் உயிர்" என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எத்தனை நாடு பார்த்தாயிற்று என்ற எண்ணிக்கையையும் கூடவே சொல்வார்கள்.

கேட்கிறவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். வீட்டுக் கடன் முடியவில்லை, பாலித் தீவு எதற்கு என்பார்கள். இன்னும் சிலர், இருப்பது ஒரு வாழ்க்கை, உலகத்தைப் பார்க்க வேண்டாமா என்பார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் வேர்விட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அந்த வரியைச் சொல்லும்போது, அதற்குப் பின்னால் நூறாண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் முன்பு கடல் கடந்ததும் எல்லை கடந்ததும் பெரும்பாலும் பிழைப்புக்காக, பிறர் தேவைக்காக, சில சமயம் பிறர் கட்டாயத்துக்காக. தன் விருப்பத்துக்கு, தன் காசில், திரும்பி வரும் டிக்கெட்டோடு போவது அண்மையில் கைக்கு வந்த வசதி. அது எப்படி வந்தது, யாருக்கு இன்னும் வரவில்லை, வந்ததை எப்படிக் காப்பாற்றிக் கொள்வது என்பதைப் பயணப் பிரியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் வந்தவர்கள் வணிகர்கள்

மலாக்காவுக்கும் தமிழர் பயணத்துக்கும் உள்ள தொடர்பு ரப்பர் மரத்தோடு தொடங்கியது அல்ல. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்து, நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு திரும்பிய தமிழ் வணிகர்கள் இங்கே இருந்தார்கள். பருவக்காற்றை நம்பிய காலம் அது. காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். அப்படித் தங்கியவர்களில் சிலர் இங்கேயே பெண் கட்டி நிலைத்துவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் மலாக்கா செட்டிகள். பேசுவது மலாய், வணங்குவது சைவ முறைப்படி. காஜா பேராங்கில் உள்ள செட்டி கிராமம் இன்றும் அவர்களுடையது. 1781இல் டச்சுக்காரர்கள் தந்த நிலத்தில் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் மலேசியாவின் மிகப் பழைய இந்து ஆலயங்களில் ஒன்று.

அந்த வணிகர்கள் வரவும் போகவும் உரிமை உள்ளவர்களாகக் கடல் கடந்தார்கள். பின்னால் வந்தவர்களின் கதை வேறு.

திரும்பும் தேதி இல்லாத பயணம்

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீனத் தொழிலதிபர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் நட்ட முதல் முயற்சியாக அது குறிப்பிடப்படுகிறது. அடுத்து புக்கிட் ஆசாகானில் இன்னும் பெரிய அளவில் அவர் நட்டார். புக்கிட் லிந்தாங்கின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது. ரப்பர் பரவப் பரவ ஆள் தேவை ஏறியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டு, தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்தில் தொழிலாளர்களின் கப்பல் செலவு பார்க்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது நின்று, கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவுமுறையிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்துக் கூட்டி வருவார்.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்குவார்கள். இறங்கியதும் தனிமைப்படுத்தும் முகாம். பிறகு லாரியிலோ ரயிலிலோ ஏதோ ஒரு தோட்டத்து லயம். எந்த ஊருக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது தெரியாமல் வந்தவர்கள் பலர். இரண்டு மூன்று வருடம் சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். சிலர் திரும்பினார்கள். பலர் பால்மரத்து நிழலிலேயே கண்ணை மூடினார்கள். 1938இல் அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதற்குத் தடை போட்டது. அதோடு அந்தப் பெரிய வருகை முடிவுக்கு வந்தது.

சயாமுக்குப் போன ரயில்

தோட்டத்துத் தமிழர்களின் அடுத்த வெளிநாட்டுப் பயணம் ஜப்பானியர் காலத்தில் நடந்தது. பெரியவர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றே சொல்வார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களும் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனது பாதி, பிடித்துப் போனது பாதி. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியுமாகப் போன உயிர்கள் ஏராளம்.

மலாக்காவுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு 1905இல் போடப்பட்ட கிளை ரயில் பாதை ஒன்று இருந்தது. ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் பாதைக்கு எடுத்துப் போனார்கள். அந்தக் கிளைப் பாதை மறுபடி போடப்படவே இல்லை. மலாக்கா பட்டணத்துக்கு ரயில் வராமல், மாநில எல்லையில் உள்ள புலாவ் செபாங் நிலையத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்றைக்கு பேங்காக் போகிற பயணக் குழுக்களில் பல, ஒரு நாளைக் காஞ்சனபுரிக்கு ஒதுக்குகின்றன. குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். பக்கத்தில் புல் வெட்டி அழகாகப் பராமரிக்கப்படும் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பெயரோடு படுத்திருப்பவர்கள் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள். மாண்டுபோன தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் எண்ணிக்கை போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போய் வரவேயில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்குமானால், அந்தப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு வருவதற்கு எந்தப் பயண வழிகாட்டியின் அனுமதியும் தேவையில்லை.

ராஜூலாவும் சிதம்பரமும்

சண்டை முடிந்த பிறகு 'ஊருக்குப் போய் வருவது' என்ற பயணம் உருவானது. கல்யாணம், காதுகுத்து, பெண் பார்ப்பது, சொத்துப் பிரிப்பது, சாமிக்கு நேர்ந்ததைச் செய்வது என்று அதற்குக் காரணங்கள். 1926இல் கட்டப்பட்ட ராஜூலா என்ற கப்பல் 1973 வரை இந்தக் கடலில் ஓடியது. அதன் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மலர்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. சென்னைக்கும் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் துறைமுகங்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு கப்பல் பயணம் என்ற அத்தியாயம் முடிந்தது.

இடையில் 1969ஆம் ஆண்டின் கசப்பும் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று ஆனபோது, ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் மூட்டை முடிச்சோடு இந்தியா திரும்பினார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு அது ஊர் திரும்புவதாக இல்லை. தெரியாத நாட்டுக்குப் போவதாகத்தான் இருந்தது.

கப்பல் நின்ற பிறகு விமானம் இருந்தது. ஆனால் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாத விலை. 55 வயதில் சேமநிதிப் பணம் எடுத்து, அதில் ஒரு பகுதியைச் செலவழித்து ஒரு தடவை இந்தியா போய்வருவது என்பதுதான் பல பெற்றோரின் ஆயுள்கால வெளிநாட்டுப் பயணம். அதுவும் பெரும்பாலும் அப்பாவுக்குக் கிடைத்தது. அதிகாலையில் பெரட்டுக்கு எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வெளிக்காட்டுக்குப் போய்ப் பால் வெட்டி, வீடு திரும்பிச் சமைத்த அம்மாக்களில் பலர் சிங்கப்பூரைக் கூடப் பார்த்ததில்லை.

மலிவு விமானம் செய்த மாற்றம்

2001 டிசம்பரில் ஏர் ஆசியா கைமாறி மலிவுக் கட்டண விமானமாக ஓடத் தொடங்கியது. 2006இல் சிப்பாங்கில் மலிவு விமானங்களுக்கென்றே ஒரு முனையம் திறக்கப்பட்டது. 2014 மே மாதம் கேஎல்ஐஏ 2 அதன் இடத்தைப் பிடித்தது. 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏர் ஆசியா பறந்தது. தோட்டத்துத் தமிழர்களின் பாட்டன்மார் பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு, மதுரை, இராமநாதபுரம் பக்கத்தவர்கள். சென்னையில் இறங்கி இரவெல்லாம் ரயிலில் போக வேண்டிய ஊருக்கு, நேராகத் திருச்சியில் இறங்கி மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம் என்றானது பெரிய மாற்றம்.

அதே காலத்தில் குடும்பங்களும் மாறியிருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போய், பட்டணத்துத் தாமான்களில் வீடு வாங்கினார்கள். சிப்பாங் விமான நிலையம் மலாக்காவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினால் நேராகக் கொண்டுபோய் விடும். போக வேண்டும் என்ற ஆசைக்கும் போவதற்கும் இடையிலிருந்த தூரம் குறைந்தது.

இன்றைய பயணப் பிரியர்களை உற்றுப் பார்த்தால் சில வகைகள் தெரியும். கோயில் வழிப் பயணிகள் ஒரு கூட்டம். அறுபடை வீடு, இராமேஸ்வரம், காசி என்று போவார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொண்டு போகிறவர்களும் உண்டு. துணிக்கடை, நகைக்கடைப் பயணிகள் இன்னொரு கூட்டம். கல்யாணச் சேலை எடுக்கக் கிளம்பியவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டிக்கொண்டு வருவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தாதிமார்கள், கணவரை இழந்த அம்மாக்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போவது அண்மைக் காலத்து அழகான காட்சி. மலிவு டிக்கெட் அறிவிப்புக்காக நள்ளிரவில் கண் விழித்திருக்கும் இளைஞர்கள் தனிக் கூட்டம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் எல்லை மூடப்பட்டு 2022 ஏப்ரல் 1ஆம் தேதி திறந்தபோது இவர்கள் எல்லோரும் கூண்டு திறந்த மாதிரி கிளம்பினார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் தமிழர் தடங்கள்

வெளிநாடு என்றால் ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும்தான் என்று நினைத்துச் சேமிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மலாக்காவின் கரையில் நின்றால் எதிர்க்கரை சுமத்ரா. மலாக்கா படகுத்துறையிலிருந்து டுமாய்க்குப் படகுச் சேவை இருக்கிறது. பயண நேரம் இரண்டு மணி அளவுதான். விமானம் என்றால் கோலாலம்பூரிலிருந்து மேடான் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

மேடான் தமிழர்களுக்குப் புதிய ஊர் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1884இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயம், தமிழர் வாழ்ந்த கம்போங் மெட்ராஸ் பகுதியில் நிற்கிறது. அதே நகரத்தில் 2005இல் திறக்கப்பட்ட அன்னை வேளாங்கண்ணி திருத்தலம் கோபுரமும் மாடமுமாகக் கோயில் போலவே இருக்கும். ஒரே காலத்தில் ஒரே கரையிலிருந்து கிளம்பி, ஒரு கப்பல் மலாக்கா பக்கமும் ஒரு கப்பல் சுமத்ரா பக்கமும் திரும்பியதால் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனவர்கள் இந்த இரண்டு கூட்டமும். தோபா ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு அரை நாளை இங்கே செலவிட்டால் ஏரியைவிட அதிகமாக மனதில் நிற்கும்.

பேங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலும் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டியது. இன்று அங்கே தாய்லாந்துக்காரர்கள் வரிசையில் நின்று அர்ச்சனை செய்கிறார்கள். கம்போடியாவில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அங்கோர் வாட், ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டுப் பிரம்பானான் சிவாலயம் ஆகிய இரண்டும் மூன்று மணி நேரப் பறப்புக்குள் இருக்கின்றன. வரலாற்றுப் பாடத்தில் படித்துக் கண்ணயர்ந்த பிள்ளைகள் கல்லைத் தொட்டுப் பார்க்கும்போது கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

பாட்டனார் ஊரைத் தேடுகிறவர்களுக்கு

பயணப் பிரியர்களில் பலருக்கு ஓர் உள்ளாசை இருக்கிறது. பாட்டனார் கிளம்பி வந்த கிராமத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆனால் ஊர்ப் பெயர் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் வரைபடத்தில் கிடைக்காது. இதற்குச் சில வழிகள் உண்டு.

பழைய தாள்களிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டனாரின் பழைய கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை, மணியார்டர் துண்டு என்று தகரப் பெட்டியில் கிடப்பதை எல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் மாவட்டம், தாலுகா, கிராமம் என்று மூன்று பெயர் இருக்கும். பலர் மாவட்டப் பெயரிலேயே தடுக்கி விழுகிறார்கள். தமிழ்நாட்டின் மாவட்டங்கள் பல தடவை பிரிக்கப்பட்டுவிட்டன. பழைய தாளில் 'தென்னாற்காடு' என்று இருந்தால் இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் தேட வேண்டும். 'வடஆற்காடு' என்றால் வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர். பழைய 'தஞ்சாவூர்' இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பரவிக் கிடக்கிறது. பழைய 'திருச்சி'யிலிருந்து கரூர், பெரம்பலூர், அரியலூர் பிரிந்தன. 'சேலம்' என்றால் நாமக்கல்லையும் தர்மபுரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாலுகாப் பெயர்கள் அவ்வளவாக மாறுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டால் கிராமம் கிடைக்கும்.

தாள் எதுவும் இல்லாதவர்களுக்குக் குலதெய்வம்தான் முகவரி. ஊர்ப் பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறந்திருக்காது. பச்சையம்மன், அங்காளம்மன், மதுரைவீரன் போன்ற பெயர்கள் பல ஊர்களில் உண்டு. ஆனால் அரிதான பெயர் ஒன்று இருந்தால், அல்லது சாமியோடு ஏரியின் பெயரோ மலையின் பெயரோ ஒட்டிக்கொண்டிருந்தால், தேடும் வட்டம் சுருங்கிவிடும். கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கோயில் பூசாரியையும், ஊரின் மூத்தவர்களையும், கிராம நிர்வாக அலுவலரையும் பார்க்கலாம். சொத்துக் கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற பயம் அங்கே உள்ளவர்களுக்கு வரும். வந்த காரணத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. கையில் பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தேடுவதற்கு நேரம் அதிகம் இல்லை. கப்பலில் வந்தவர்களை நேரில் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கும் தலைமுறை இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டது. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து, கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் முன்னோரின் இந்தியத் தொடர்பைக் காட்டும் சான்று வேண்டும். அந்தத் தகரப் பெட்டியைப் பழைய குப்பை என்று வீசிவிட்ட வீடுகள் பின்னால் வருந்துகின்றன.

கடப்பிதழ் இல்லாதவர்கள்

பயணப் பிரியர் என்று அறிமுகம் செய்துகொள்ள எல்லோருக்கும் வாய்ப்பு இல்லை. கடப்பிதழுக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்குப் பத்திரம் வேண்டும். தோட்டத்து லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்து, பதிவு செய்யப்படாமலே வளர்ந்தவர்கள் இருந்தார்கள். சுதந்திரத்துக்கு முன் பிறந்து, விண்ணப்பிக்கத் தெரியாமல் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்தவர்கள் இருந்தார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாததால் சிக்கலில் மாட்டிய பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

2011இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நாடெங்கும் நடந்தது. 2018இல் 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்களில் 3,400க்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க அரசாங்கம் முடிவெடுத்தது. அப்படியும் எல்லோருடைய சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. உறவிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், பாரம் நிரப்பிக் கொடுத்து, தேசியப் பதிவு இலாகாவுக்குக் காரில் கூட்டிப் போய் வருவது பெரிய உதவி. அங்கே ஒரு தடவை போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கூச்சத்தில் மறுபடி போகாமல் விட்டுவிடுகிறார்கள். பத்து நாடு பார்த்த அனுபவசாலிகளுக்குப் பாரம் நிரப்புவது கை வந்த கலை. அந்தக் கலை இங்கேயும் உதவும்.

காசும் கவனமும்

பயணத்தை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களின் வாதத்தில் உள்ள உண்மை இதுதான்: கடன் வாங்கிப் போகிற பயணம் வீடு திரும்பிய பிறகும் முடிவதில்லை. கடன் அட்டையில் தேய்த்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தால், அடுத்த தீபாவளி வரையில் வட்டி கூடவே வரும். வட்டி முதலையிடம் போகிறவர்களின் கதை இன்னும் மோசம்.

2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு ஒன்று வந்திருக்கிறது. மருத்துவத்துக்கும் வீட்டு அவசரத்துக்கும் கை கொடுக்க வேண்டிய பணம் அது. முதுமைக்காகச் சேர்ந்த காசை நான்கு நாள் சுற்றுலாவில் கரைப்பது, பால் வெட்டிச் சேர்த்த தாத்தா செய்யாத காரியம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அந்த அளவு வருமானத்தில் வெளிநாடு போகவே முடியாதா என்றால், முடியும். மாதம் 100 வெள்ளி ஒதுக்கினால் இரண்டு வருடத்தில் 2,400 வெள்ளி சேரும். பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்த்து, பக்கத்து நாடாகப் பார்த்துப் போனால் இரண்டு பேர் போய் வரலாம். சீட்டுக் கட்டிச் சேர்க்கிறவர்கள் ஆளைத் தெரிந்து கட்ட வேண்டும்.

பயண நிறுவனத்தின் மூலம் போகிறவர்கள், அந்த நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பித் தனியாள் கணக்கில் பணம் போட்டுவிட்டு, விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றவர்கள் உண்டு. கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. திவாலானவர்களும் வரி பாக்கி உள்ளவர்களும், பயணத் தடை இருக்கிறதா என்பதைக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுத்த பிறகு தெரிந்தால் அந்தக் காசு போனதுதான்.

இன்னொன்று உயிர் விஷயம். "டிக்கெட் இலவசம், தங்குமிடம் இலவசம், கணினி வேலை, கைநிறையச் சம்பளம்" என்று கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் அழைத்த கும்பல்களிடம் மலேசிய இளைஞர்கள் சிக்கி, அடைத்து வைக்கப்பட்டு, மோசடி வேலை செய்ய வைக்கப்பட்ட செய்திகள் 2022இல் நாட்டையே உலுக்கின. தெரியாதவர் கொடுக்கும் பெட்டியைச் சுமந்துகொண்டு விமானம் ஏறிய பெண்கள் அயல்நாட்டுச் சிறைகளில் கிடக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஆள் பிடித்தவர்களும் கப்பல் செலவு இலவசம் என்றுதான் சொன்னார்கள். சயாமுக்கு ஆள் எடுத்தவர்களும் நல்ல சம்பளம் என்றுதான் சொன்னார்கள். டிக்கெட்டை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால், திரும்பும் டிக்கெட் யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை மற்ற எவரையும்விடத் தோட்டத்துக் குடும்பங்கள் கசப்பாகவே படித்திருக்கின்றன.

அடுத்த பயணத்துக்கு முன்

பயணம் பிடிக்கும் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிணற்றுத் தவளையாக இருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. வேறு நாட்டு பஸ்ஸில் ஏறி, மொழி தெரியாமல் சைகை காட்டி, கொடுத்ததைச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு, இங்கே வேலை தேடி வந்திருக்கும் வங்காளதேசத்துக்காரரையும் நேப்பாளியையும் பார்க்கிற பார்வை மாறும். ஒரு காலத்தில் பாட்டனார் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது அவரும் அப்படித்தான் நின்றிருப்பார்.

அடுத்த மலிவு டிக்கெட் அறிவிப்பு வரும்போது வீட்டுப் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டிப் பார்க்கலாம். வெளிநாடே பார்க்காத அம்மாவோ பாட்டியோ இருந்தால் அவர் பெயர். கடப்பிதழுக்கு மூத்தவர்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. முட்டி வலி இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஜன்னல் ஓர இருக்கையை அவர்களுக்கே கொடுக்க வேண்டும்.